ஜெயதாஸ் தோண்டிய குழிகள்

“2025 நவம்பர் 12, புதன். நேற்று எழுதியதில் ஒரு தவறு. ஜெயதாஸ் அண்ணன் ஏழு குழி தோண்டியதாக எழுதிவிட்டேன். இன்று எண்ணிப் பார்த்தேன், ஆறுதான். ஏழாவது, நாய் பறித்தது. ஏழாக இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை.”

நெய்யாற்றின்கரை மாலை வகுப்பில் உளவியல் எடுக்கும் டீச்சர் கொடுத்த வேலை இது. தப்பாகக் கண்ட ஒன்றைத் தினமும் எழுத வேண்டும். மற்றவர்கள் ஒரு வாரத்தில் விட்டுவிட்டார்கள். மஞ்சு விடவில்லை.

ஆவணியில் பக்கத்து வீட்டு ஜெயதாஸின் பசுவுக்குச் சினை கலைந்தது. அவன் மந்திரவாதியை அழைத்து வந்தான். வந்தவர் வேலியோரம் மண்ணைக் கிளறி, கரிக்கோடு போட்ட முட்டை ஒன்றை எடுத்து, கிழக்கு வீட்டுக்காரி புதைத்த கூடோத்ரம், செய்வினை என்றார். கிழக்கு வீட்டுக்காரி மஞ்சுவின் அம்மா ஆனந்தலட்சுமி. பெண்கள் சேர்ந்து நடத்தும் சோற்றுக்கடையில் சமைத்துக்கொண்டிருந்தவள். மறுவாரமே, இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். செய்வினைக்காரி கைபட்ட சோற்றை யார் தின்பார்கள்?

அன்றே மஞ்சு கறுவிக்கொண்டாள். வழிதான் தெரியவில்லை. அது போன வாரம் வகுப்பில் கிடைத்தது. எதிர்பார்த்துக் காத்திருக்கும் கண்ணுக்கு மூளையே பொருளைச் செய்து கொடுத்துவிடும் என்றார் டீச்சர். மறுநாள் காலை அவள் வேலிக்கு இப்புறம் நின்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“அண்ணா, அன்னைக்கு முட்டை ஒண்ணுதான் கிட்டிச்சா?”

ஜெயதாஸ் மண்வெட்டியை எடுத்தான். கோழி எலும்பு வந்தது, துருப்பிடித்த ஆணி வந்தது. அவனுக்கு எல்லாமே கூடோத்ரம். குலை தள்ளிய செங்கதளி வாழை இரண்டு வேரோடு சாய்ந்தன.

“கன்னு போச்சு, வாழையும் போச்சு. இனி அடுக்களையையும் தோண்டுங்க!” என்று அவன் மனைவி ஜிஜா தலையில் அடித்துக்கொண்டாள். ஜன்னலில் நின்று பார்த்த மஞ்சுவுக்கு வயிறு குளிர்ந்தது.

இன்று மாலை ஆறாவது குழியிலிருந்து ஜெயதாஸ், வேலிக்கு இப்புறம் நின்ற மஞ்சுவை நோக்கிக் கையை உயர்த்தினான். விரலிடுக்கில் கறுப்பாக ஒரு சுருள்.

“கிட்டிச்சு மக்கா! உனக்க அம்மைக்க தலைமுடியாக்கும். வெள்ளியாழ்ச்ச மந்திரவாதி வரட்டு, ஊரைக் கூட்டிக் காட்டுதேன்.”

“அது தேங்கா கதம்பை நாரு அண்ணா.”

“உனக்கு நாரு. எனக்குக் கண்ணு உண்டு.”

உள்ளேயிருந்த அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். “அவன் எதுக்கு இப்பிடிக் கெடந்து தோண்டுதான்? நீ என்னமும் சொன்னியா?”

மஞ்சு சொன்னாள்.

“நல்ல காரியம். முட்டைய மந்திரவாதி கொடுத்தான், முடிய நீ கொடுத்த.”

நாட்குறிப்பில் இதையெல்லாம் எழுதும்போதும் ஜெயதாஸ் மேலிருந்த ஆத்திரம் ஒரு துளி குறையவில்லை. ஆனால் பேனா நின்றது. அவன் முடியைத் தேடினான், முடியைக் கண்டான். பத்தடி தள்ளி, மங்கிய வெளிச்சத்தில், அது நார் என்று அவளுக்கு மட்டும் எப்படித் தெரிந்தது? அம்மா தினமும் சீப்பு முடியைச் சுருட்டி, துப்பி, அந்த வேலியோரமாகத்தான் எறிவாள்.

கடைசியில் எழுதினாள்:

“நாளை, வியாழன், காலை ஏழு மணி. தீப்பெட்டியோடு ஜெயதாஸ் அண்ணன் வீட்டுக்குப் போக வேண்டும். ஜிஜா அக்காவும் பக்கத்தில் இருக்க வேண்டும். அந்தச் சுருளில் ஓர் இழை வாங்கி எரித்து, முடி கருகும் நாற்றமா, நார்ப் புகையா என்று மூன்று பேரும் மோந்து பார்க்க வேண்டும். அதற்கு முன், நான் கேட்ட கேள்வி எதற்கு என்று சொல்லிவிட வேண்டும்.”