நிழல் விழுந்த கன்னம்

நாடகத்தில் அக்கா மேடையில் ஒரு வார்த்தையும் பேசாமல் நிற்கும் இடத்தைப் பார்க்கத்தான் கூட்டம் வரும். போன ஒத்திகையில், அந்த மௌனத்துக்கு நடுவே தங்கையின் கேமரா 'டக்' என்றது.

"தங்கச்சின்னெல்லாம் பாக்க மாட்டேன். இன்னொரு தடவை சத்தம் கேட்டுச்சு, படம் எடுக்க வேற ஆளைக் கூப்பிட்டுக்குவேன்," என்றாள் அக்கா. சொன்னால் செய்கிறவள்.

கேமராவைச் சத்தம் வராத முறைக்கு மாற்றினால் முகத்தின் குறுக்கே கறுப்புக் கோடுகள் விழுந்தன. விளக்குகளை இயக்கும் மாமாவிடம், அக்காவின் கணவரிடம், தங்கை சண்டைக்குப் போனாள்.

"என் விளக்கைக் குறை சொல்லாதே. உன் பெட்டிக்குத்தான் பார்வைக் கோளாறு," என்றார் அவர்.

இருவரிடமும் பாதி நியாயம் இருந்தது. எல்.இ.டி. விளக்கு கண்ணுக்குப் பிடிபடாத வேகத்தில் மினுக்குகிறது. கேமராவின் சென்சாரோ படத்தை வரிவரியாக வாசிக்கிறது. விளக்கு மங்கிய கணத்தில் வாசித்த வரி கறுத்துவிடுகிறது.

தங்கை புதுவகை கேமரா ஒன்றை வாடகைக்கு எடுத்து வந்தாள். அதன் சென்சாரில் கோடிக்கணக்கான புள்ளிகளும் ஒன்றாகக் கண் திறந்து ஒன்றாகவே மூடும்.

அன்றைய ஒத்திகையில் நாடகத்தில் வருகிறபடி அக்கா கம்பைச் சுழற்றினாள். தங்கை அழுத்தினாள். சத்தமே இல்லை. வரிவரியாக வாசித்த பழைய கேமராவில் வில்லாய் வளைகிற கம்பு, இதில் கம்பாகவே நின்றது. முகத்தில் ஒரு கோடும் இல்லை. இதை யோசித்தவர்கள் எந்த அறையில் எத்தனை காலம் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்களோ என்று நினைத்துக்கொண்டாள்.

சும்மா கிடைக்கவில்லை அது. வாங்கிய ஒளியைப் பிடித்துவைக்க ஒவ்வொரு புள்ளியும் தன்னிடத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுத்திருந்தது. அதனால் இருட்டில் கேமரா தடுமாறியது. அக்காவின் நிழல் பக்கக் கன்னத்தை, எல்லாப் படத்துக்கும் செய்வதுபோல, கணினியில் வெளுப்பாக்கினாள். மணலை வாரி இறைத்த மாதிரி கன்னமெங்கும் புள்ளி புள்ளியாக ஆயிற்று. என்ன செய்தும் போகவில்லை. இனி வேறு ஆள்தான் என்ற பயத்தோடு அதையே அக்காவிடம் காட்டினாள்.

"இந்தக் கன்னத்தை உன்னை யார் காட்டச் சொன்னா?"

"இருட்டா இருக்கேன்னுதான்க்கா..."

"உங்க மாமா விளக்கோட மல்லுக்கட்டி வேணும்னே நிழல்ல மறைச்ச கன்னம்டி அது!"

"அப்பாடா, கல்யாணமாகி இப்பதான் ஒரு நல்ல வார்த்தை," என்றார் மாமா.

தங்கை நிழலைப் பழையபடி இறக்கினாள். மணல் அமிழ்ந்தது. பாதி முகம், ஒரு கம்பு, மீதி கறுப்பு. அக்கா கணினித் திரையருகே குனிந்து பார்த்தாள்.

"நாளைக்கு நாடகத்துல கேமராவோட முன்வரிசையிலயே உக்காரு," என்றாள் அக்கா.