இடது கைக்குத் தனி அளவு

மார்பில் ஆபரேஷன் முடிந்து ஒரு வருஷம் கழித்துத்தான் திலகவதிக்கு இடது கை வீங்கத் தொடங்கியது. அதுவரை எல்லாம் முடிந்துவிட்டது என்றுதான் அவளும் அவள் கணவர் ரெங்கராஜும் நினைத்திருந்தார்கள். கட்டியோடு சேர்த்து அக்குளில் இருந்த நெறிக்கட்டிகளையும் எடுத்ததால் கையில் நீர் தேங்குகிறது, சிலருக்கு இப்படி ஆகும், இனி இது கூடவே இருக்கும் என்றார் தஞ்சாவூர் டாக்டர். அந்தக் கையால் கனம் தூக்கக்கூடாது, ஊசி குத்திவிடக்கூடாது, இறுக்கமான துணி போடக்கூடாது என்று சொல்லி அனுப்பினார்.

கேட்கும்போது இந்தத் துணி விஷயம்தான் சின்னதாகத் தெரிந்தது. ஆனால் தினமும் காலையில் அவளைப் படுத்தியது அதுதான். ஆலங்குடியில் ஒரு தனியார் பள்ளியின் அலுவலகத்தில் அவள் கணக்குப் பார்த்தாள். பழைய ஜாக்கெட் எதுவும் இடது முழங்கைக்கு மேல் ஏறவில்லை. சுடிதார் போட்டுக்கொண்டு வரலாம் என்று தலைமையாசிரியை அனுமதி கொடுத்தார். கடையில் வாங்கிய டாப்போ, உடம்புக்குச் சரியாக இருந்தால் கை நுழையவில்லை. கை நுழைந்தால் உடம்பில் சாக்கு மாதிரி தொங்கியது. மார்பை எடுத்துவிட்ட பக்கம் தட்டையாக இருந்ததால் கழுத்து அந்தப் பக்கமே சரிந்துகொண்டு போனது.

கடைத்தெரு டெய்லர் குழந்தைசாமியிடம் துணி கொடுத்துப் பார்த்தாள். நல்ல மனுஷன்தான். ரெண்டு கைக்கும் தனித்தனியாக அளவெடுங்கள் என்று அவள் சொன்னதும், அது ஏன் என்று சத்தமாகக் கேட்டுவிட்டார். காத்திருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு வருகிறேன் என்று துணியைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

வீட்டில் கல்யாணத்துக்கு வந்த தையல் மிஷின் ஒன்று இருந்தது. தலையணை உறை தைத்ததைத் தவிர அதில் பெரிதாக எதுவும் செய்ததில்லை. தானே தைத்துக்கொள்ளலாம் என்று நினைத்து உட்கார்ந்தால், நாலு முறை பெடலை மிதிப்பதற்குள் உடம்பு தளர்ந்துபோனது. மருந்து ஏற்றிய நாளிலிருந்து இந்த அசதி அவளை விடவில்லை. வலி என்றால் மாத்திரை போடலாம். இதற்கு என்ன போடுவது என்று யாருக்கும் தெரியவில்லை.

ரெங்கராஜ் பம்ப்செட் மோட்டார்களுக்கு வைண்டிங் செய்யும் கடை வைத்திருந்தார். மிஷினுக்கு ஒரு சின்ன மோட்டார் பொருத்திக் கொடுக்கச் சொன்னதும் அவர் முகம் மாறியது.

“ஊசி குத்தக் கூடாதுன்னு டாக்டர் சொன்னது ஞாபகம் இருக்குல்ல ஒனக்கு?”

“மிஷின் ஊசி துணியிலதாங்க குத்தும். கையால ஊசி புடிக்கிறதுதான் பயம். கைத்தையல நீங்க தச்சுக் குடுங்க.”

அவர் சிரித்தார். ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை மோட்டாரும் பொருத்தினார், விளிம்பு மடித்துத் தைக்கவும் உட்கார்ந்தார். செம்புக் கம்பி சுற்றிப் பழகிய விரல்கள். தையல் நெருக்கமாகவே விழுந்தது.

நைந்துபோன ஒரு டாப்பைப் பிரித்து, நியூஸ் பேப்பரில் வைத்து வரைந்து வெட்டினாள். இடது கைக்கு மட்டும் தனிப் பேப்பர். அந்த அளவைச் சாயங்காலத்தில்தான் எடுத்தாள். காலையில் குறைந்திருக்கும் வீக்கம் பொழுது சாயச் சாய ஏறிவிடும். முதலில் தைத்ததில் கழுத்து அகலமாகிப்போனது. இரண்டாவதில் இடது கையை வலது பக்கம் வைத்துத் தைத்துவிட்டாள். போட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அழுகை வரவில்லை, பிரிக்கவும் தெம்பில்லை. மடித்து அலமாரிக்குள் வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டாள். அதன்பிறகு பல வாரம் மிஷின் பக்கமே போகவில்லை.

மூன்றாவது ஒருவழியாக அமைந்தது. கருநீலப் பருத்தி. தோளிலிருந்து இரண்டு பக்கமும் சின்னச் சின்னக் கொசுவம் வைத்திருந்ததால் தட்டையான பக்கம் தெரியவில்லை. அதைப் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போன அன்று யாரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவளுக்கு வேண்டியிருந்ததும் அதுதான். பிறகு அதே அளவில் வேறு நிறங்களில் தைத்துக்கொண்டாள்.

இந்த நேரத்தில்தான் அவள் தம்பி தமிழ்செல்வனுக்குக் கல்யாணம் கூடிவந்தது. மஸ்கட்டில் வேலை, தள்ளித் தள்ளிப் போன கல்யாணம். பெண் கறம்பக்குடிப் பக்கம், பெயர் ப்ரியங்கா. திருவரங்குளம் கோயிலில் தாலி கட்டு, பக்கத்து மண்டபத்தில் சாப்பாடு என்று முடிவானது. மாப்பிள்ளை முதல் முடிச்சுப் போட்டதும் மீதி இரண்டு முடிச்சையும் கூடப்பிறந்தவள் போட வேண்டும். கூடப்பிறந்தவள் திலகவதி ஒருத்திதான்.

திருவரங்குளத்தில் இருந்த அம்மா பொன்னம்மாளைப் பார்க்கப் போயிருந்தபோது, பட்டுப் புடவைக்கு என்ன செய்யப் போகிறாய் என்று அம்மா கேட்டாள். ஜாக்கெட் போட முடியாது, டாப்தான் போட்டுக்கொண்டு வருவேன் என்றாள் திலகவதி. பொன்னம்மாள் ஆய்ந்துகொண்டிருந்த கீரையை ஒதுக்கி வைத்தாள்.

“பொண்ணு வீட்டுக்கு நான் இதச் சொல்லல திலகா. அந்த நோய் இருக்கிற குடும்பம்னு பேரு வந்துட்டா தம்பிக்கு அப்பறம் யாரு பொண்ணு குடுப்பா? வீடியோக்காரன் வேற கிட்டக்க வந்து எடுப்பான். சுகுணா முடிச்சுப் போடட்டுமே. அவளும் ஒன் சித்தப்பா மகதான?”

வேறொரு காலமாக இருந்தால் திலகவதி சண்டை போட்டிருப்பாள். சண்டை போடவும் தெம்பு வேண்டும். சரி, சுகுணாவே போடட்டும் என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினாள். வழியெல்லாம் கையை ஜன்னல் கம்பியில் உயர்த்தி வைத்துக்கொண்டு வந்தாள். வீட்டில் ரெங்கராஜிடம் சொன்னபோது அவர் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார். அவரைச் சமாதானப்படுத்துவதும் அவள் வேலையானது.

அந்த வாரமே தமிழ்செல்வன் போன் செய்து, நீ ஏன் முடிச்சுப் போடவில்லை என்று கேட்டான். யார் சொல்லி அவனுக்குத் தெரிந்தது என்று அவள் கேட்கவில்லை. அம்மா சொன்ன காரணத்தை மட்டும் சொன்னாள்.

“ப்ரியங்காட்ட நான் மொதல்லயே சொல்லிட்டேன்க்கா. மொத தடவ போன்ல பேசுனப்பவே. அவுங்க வீட்லயும் தெரியும். அம்மாவுக்குத்தான் அவுங்களுக்குத் தெரியுங்கறது தெரியாது.”

“அப்ப நீயே அம்மாட்ட சொல்லியிருக்கலாம்ல?”

“சொன்னா என்னையத் திட்டும். நீ எதப் போட்டுக்கிட்டு வேணாலும் வா. முடிச்சு நீதான் போடணும்.”

போனை வைத்த பிறகு சந்தோஷம் வரும் என்று எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தாள். இனிக் கல்யாணத்துக்கும் ஒன்று தைக்க வேண்டுமே என்பதுதான் முதலில் தோன்றியது.

திருச்சியில் படிக்கும் மகள் ஜனனி மாம்பழ மஞ்சளில் சில்க் காட்டன் வாங்கி வந்தாள். வழுக்கும் துணி. ஒரு கையால் மட்டும் அழுத்திப் பிடித்து மிஷினில் ஓட்டுவது சிரமமாக இருந்தது. ஒரு நாள் தோள், ஒரு நாள் கழுத்து என்று சிறுகச் சிறுகத் தைத்தாள். சில நாள் துணியை எடுத்து விரித்துவிட்டு அப்படியே மடித்து வைத்தாள்.

கல்யாணத்தன்று காலையில் பொன்னம்மாள் மகளை மேலும் கீழும் பார்த்தாள். தம்பி பேசியிருப்பான் போல; சுகுணா முடிச்சுப் போடட்டும் என்ற பேச்சை அம்மா எடுக்கவில்லை. ஒரு பட்டுத் துப்பட்டாவை மட்டும் கொண்டுவந்து, இதை இடது தோளில் போட்டுக்கொள் என்று கொடுத்தாள். திலகவதி போட்டுக்கொண்டாள்.

மேளம் உச்சத்துக்குப் போனபோது அவள் ப்ரியங்காவின் பின்னால் நின்றாள். சுகுணா பக்கத்தில் விளக்கோடு நின்றாள். தம்பி ஒரு முடிச்சுப் போட்டுவிட்டுக் கயிற்றை விட்டான். கைகளை உயர்த்தியதும் துப்பட்டா நழுவித் தரையில் விழுந்தது. குனிந்து எடுக்க நேரமில்லை. இரண்டாவது முடிச்சைப் போட்டாள். மூன்றாவதைச் சுற்றும்போது இடது கை விரல்கள் மரத்து, கயிறு பிடியில் நிற்கவில்லை. மேலிருந்து பூவும் அரிசியும் விழுந்துகொண்டே இருந்தன. அவள் சுகுணாவைப் பார்த்தாள். சுகுணா விளக்கைக் கீழே வைத்துவிட்டு வந்து, அவள் விரல்களுக்கு மேலேயே தன் விரல்களை வைத்து முடிச்சை இறுக்கினாள். கையைத் தாழ்த்தியபோது அக்குளுக்குக் கீழே தையல் விட்டிருந்தது திலகவதிக்குத் தெரிந்தது. அதைப் பற்றி யோசிக்கவும் அவளால் முடியவில்லை.

மண்டபத்தில் பெண்ணின் பெரியம்மா ராஜலட்சுமி அவளிடம் வந்தார். பொன்னம்மாளும் பக்கத்தில்தான் நின்றாள். கை ரொம்ப வீங்கியிருக்கிறதே, வலி இருக்கிறதா என்று அவர் விசாரித்தார்.

“ஆபரேஷன் பண்ணதுலேருந்து இப்படித்தாங்க. கேன்சர் இருந்துச்சு.”

அந்த வார்த்தையை அம்மா முன்னால் அவள் முழுதாகச் சொன்னது அதுதான் முதல் தடவை. பொன்னம்மாள் வேறு பக்கம் பார்த்தாள். ராஜலட்சுமி, “தெரியும்மா, ப்ரியங்கா பாப்பா சொல்லுச்சு. அப்பறம் ஏன் நின்னுக்கிட்டே இருக்கீங்க, உக்காருங்க,” என்று சொல்லி நாற்காலியை இழுத்துப் போட்டார். போகிற போக்கில் பந்தியிலும் ஒரு இடம் பிடித்து வைக்கச் சொன்னார்.

மத்தியானம் கூட்டம் கலைந்தது. பொண்ணு மாப்பிள்ளை கிளம்பிப் போனார்கள். ரெங்கராஜ் வேனில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தார். திலகவதி சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள். பொன்னம்மாள் பக்கத்து நாற்காலிக்கு வந்தாள். மகளின் கையைத் தொடாமலே கேட்டாள்.

“ராத்திரியில வலிக்குமாடி?”

“வலிக்காதும்மா. கனக்கும். வச்ச எடத்துல வச்சபடியே கெடக்கும்.”

“இங்கிட்டு சாஞ்சுக்க.”

திலகவதி அம்மாவின் தோளில் சாய்ந்துகொண்டாள். சமையல்காரர்கள் அண்டாக்களை உருட்டிக் கழுவிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்திலேயே அவளுக்குத் தூக்கம் வந்துவிட்டது. வேன் தயார் என்று சொல்ல வந்த ரெங்கராஜிடம், செத்த நேரம் போகட்டும் என்று பொன்னம்மாள் கையைக் காட்டினாள்.