டி.சி. போட்ட பாட்டு

1949 டிசம்பரில் ஊசிமலைத் தோட்டத்துக் கிளப்பில் பாடுவதற்காக மேடையேறிய அம்மாக்கண்ணு, பாட்டு முடியாத காரணத்தால் 1965 வரை கீழே இறங்கவில்லை. இதற்கிடையில் நோர்வூட் கடைத்தெருவில் அரிசி விலை ஏறியது, இறங்கியது, அதன் பொருட்டு அடிதடியும் நடந்தது. ஊரில் அதிகம் பேசப்பட்டது அரிசியைப் பற்றித்தான்.

எல்லாவற்றுக்கும் மூலம் சின்னக் கிளாக்கர் பழனியாண்டியின் இங்கிலீசு. அவர் ஹட்டன் பள்ளிக்கூடத்தில் எத்தனை வகுப்புப் படித்தார் என்பது அவர் ஒருவருக்கே தெரிந்த ரகசியம். ஆனால் நடக்கும்போது சட்டைப் பையில் இரண்டு பேனா இருக்கும், பேசும்போது ஒவ்வொரு பேச்சிலும் ஒரு இங்கிலீசு வார்த்தை இருக்கும். வெள்ளைக்கார நாட்டுக் கொடியை இறக்கிய வருடம் கப்பலேறிப் போன பழைய துரை, ஒரு தகரப் பெட்டி நிறையப் பெரிய பேண்டு வாத்தியத்துக்கான பாட்டுத் தாள்களை விட்டுப் போனார். நுவரெலியாக் கிளப்பில் பேண்டு இருக்கும்போது நமக்கு மட்டும் என்ன குறை என்று புதுத் துரைக்கு ரோசம் வந்தது. ஹட்டனில் தையல் கடை வைத்திருந்த லாபிர் நானா, யுத்த காலத்தில் பட்டாளத்து வாத்தியக் கோஷ்டியில் ஊதுகுழல் ஊதியவர். அவரைப் பிடித்து வந்தார்கள். அவர் தோட்டத்து ஜனங்களின் வரிசை வீடுகளான லயங்களில் ஏறி இறங்கி ஆள் சேர்த்தார். நாயனக்காரர்கள் சாக்சபோன் பிடித்தார்கள், தப்படிக்கும் மூக்கனுக்கு முழு டிரம் செட்டும் கிடைத்தது. பாடுவதற்கு மட்டும் ஆள் இல்லை. மலை உச்சியில் கொழுந்து பறித்துக்கொண்டே யாரையோ திட்டிய ஒரு பெண்ணின் குரல், இயந்திரச் சத்தத்தையும் மீறி ஆலைக்குள் விழுந்ததை லாபிர் நானா ஒருநாள் கேட்டார். திட்டிலேயே சுருதி பிசகவில்லை. அவள்தான் அம்மாக்கண்ணு.

அவளுக்கு அப்போதுதான் கொத்மலைப் பக்கத்துத் தோட்டத்துச் சோலைமலையோடு கல்யாணம் ஆகியிருந்தது. தாலி கழுத்தில் இருந்தது, புருசன் கொத்மலையில் இருந்தான். தோட்டம் விட்டுத் தோட்டம் போக துரை கையெழுத்துப் போட்ட விடுதலைச் சீட்டு வேண்டும். ஆபீசில் அதற்கு டி.சி. என்று பெயர். அது இல்லாமல் போனால் அந்தத் தோட்டத்தில் பேர் பதிய மாட்டார்கள், வேலை தர மாட்டார்கள். அதிலும் அது கொழும்பில் ஒரு சட்டம் போட்டு, தோட்டத்து ஜனங்கள் எந்த நாட்டுக்காரரும் இல்லை என்று தீர்த்துவிட்ட சமயம். கையில் ஏதாவது ஒரு காகிதம் இருந்தால் தேவலை என்று எல்லோரும் தவித்துக்கொண்டிருந்தார்கள். அம்மாக்கண்ணு டி.சி. கேட்டபோது துரை முதலில் கொழுந்துக் காலம் முடியட்டும் என்றார், பிறகு கிளப் டான்ஸ் முடியட்டும் என்றார்.

எந்தப் பாட்டை எடுப்பது என்று லாபிர் நானாவின் தையல் கடையில் ஒரு மாதம் உட்கார்ந்து பார்த்தார்கள். பாடகியை முன்னால் நிறுத்திப் பேண்டு வாசிக்கிற பாட்டு என்றால் எல்லாப் பாட்டும் ஆகாது என்பது நானாவின் கட்சி. முதலில் எடுத்த தாளில் எல்லா வாத்தியமும் ஊதித் தீர்த்த பிறகு கடைசியில் பாடகிக்கு நாலு வரி கிடைத்தது. அடுத்ததில் அவள் வாய் திறக்கும் இடத்திலெல்லாம் ஊதுகுழல்கள் குறுக்கே விழுந்தன. மூன்றாவது ஆம்பளைக் குரலுக்கு எழுதியது, அதன் அடிச் சுருதி அவளுக்குக் கிணறு மாதிரி ஆழம். அப்புறம் ஒன்று அகப்பட்டது. பியானோ முதலில் அவளுக்கான சுரத்தைக் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கியது, சாக்சபோன்கள் பாய் விரித்த மாதிரி கீழே கிடந்தன, அவள் மூச்சு விடும் இடத்தில் மட்டும் ஊதுகுழல்கள் பதில் சொல்லின. நடுவில் எட்டு பார் அவளுக்கு ஓய்வு. பார் என்றால் மூக்கன் கணக்கில் நாலு தட்டு.

"இது அவ தொண்டைக்கே அளவெடுத்துத் தைச்ச சட்டை" என்றார் நானா. அதிலும் திருப்தி வராமல் பாட்டு முழுவதையும் அவள் குரலுக்கு ஏற்பச் சுருதி இறக்கி எழுதினார். வேறு எவளும் பாட முடியாத அளவுக்குப் பொருந்திவிட்டது. விபரீதமே அதுதான் என்று அப்போது யாருக்குத் தெரியும்?

நானாவுக்குச் சுரக்குறி வாசிக்கத் தெரியும், தாளில் இருந்த வார்த்தைகள் தெரியாது. பட்டாளத்தில் அதையெல்லாம் சத்தம் போட்டே சொல்லிவிடுவார்களாம். வார்த்தைகளுக்கு நம்ம பழனியாண்டி இருந்தார். அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு கடைசித் தாளின் அடியைப் பார்த்தவர் துள்ளிக் குதித்தார்.

"ஏ அம்மாக்கண்ணு! அடியில பாரு, டி.சி.ன்னு அச்சே போட்டிருக்கு. பாட்டு முடிஞ்சதும் ஒனக்கு டிஸ்சார்ஜ். தொரைமாருங்க ஒன்னுஞ் சொல்லாம இப்பிடித்தான் செய்வாங்க."

"நெசமாவாங்க கிளாக்கரய்யா?"

"இங்கிலீசு பொய் சொல்லுமா?"

நடுத்தாளில் ஒரு வரியின் கடைசியில் இன்னொரு வார்த்தையும் இருந்தது: ஃபைன். விடியற்காலை ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்குப் பிந்தி வந்தால் சம்பளத்தில் பிடிக்கும் தண்டம்தான் தோட்டத்தில் ஃபைன். டி.சி. கொடுக்கிற கையாலேயே இவளுக்கு எதற்குத் தண்டம் என்று பழனியாண்டிக்கு மனசு இளகியது. யாரும் பார்க்காத நேரத்தில் ரப்பரை எடுத்து, எல்லாத் தாளிலும் அந்த வார்த்தையைச் சுவடு தெரியாமல் அழித்துவிட்டார். வாழ்க்கையில் அவர் சுத்தமாகச் செய்த ஒரே வேலை அது.

டான்ஸ் அன்று பாட்டு கடைசி வரிக்கு வந்தது. அம்மாக்கண்ணு துரையைப் பார்த்தாள். துரை கை தட்டத் தயாரானார். பேண்டோ டி.சி.யைத் தொட்டதும் முதல் வரிக்குத் திரும்பியது, அவள் வாயும் கூடவே திரும்பியது. இரண்டாம் முறை பாடியபோது எல்லோருக்கும் சந்தோசம். பத்தாம் முறை பாடியபோது துரைமார் வீட்டுக்குப் போனார்கள். விடிந்ததும் வேலை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா வந்து சாக்சபோன்காரர் ஒருவரைக் காலரைப் பிடித்து இழுத்தார். ஆள் நாற்காலியோடு வந்தார், வாய் குழலை விடவில்லை. தாளை மூடினார்கள், விளக்கை அணைத்தார்கள், பாட்டு நடந்தது. ஒரு வாரத்துக்குள் வழி கண்டுபிடித்தார்கள். ஒருவர் ஊதுகிற சுரத்தை இன்னொருவர் பக்கத்தில் நின்று தொட்டுக்கொண்டால் முதல் ஆள் எழுந்து போகலாம். அன்றிலிருந்து ஆலையில் மாதிரி பேண்டிலும் முறைவேலை நடந்தது, அதற்கும் கூலிக் கணக்கில் பேர் போட்டார்கள். அம்மாக்கண்ணுவின் இடத்தைத் தொட மட்டும் ஆள் இல்லை. நாலைந்து பெண்கள் முயன்று பார்த்துத் தொண்டை கட்டிப் போனார்கள். அளவெடுத்துத் தைத்த சட்டை அல்லவா.

எப்படிக் குளித்தாள், எப்போது தூங்கினாள் என்று கேட்பவர்கள் உண்டு. மேடைக்குப் பின்னால் படுதா இருந்தது, பாட்டில் பியானோ தனியாக வாசிக்கும் நீண்ட பகுதி ஒன்றும் இருந்தது. அதற்கு மேல் கேட்பது மரியாதையில்லை. அந்தப் பகுதியில் அவள் ஒருமுறை கிளப் வாசல் வரை ஓடிப் பார்த்தாள். அவள் முறை வந்ததும் வாய் பாட்டை எடுத்துக்கொண்டது, கால்கள் வாயின் பின்னாலேயே மேடைக்குத் திரும்பின. அதன் பிறகு அவள் ஓடவில்லை. சுவரில் துரைகளின் படங்கள் மாறுவதையும் சன்னலில் பனி ஏறி இறங்குவதையும் பார்த்தபடி நின்றாள். வாயில் போட்டுக் கொடுத்த இங்கிலீசு வார்த்தைகள் வருசக் கணக்கில் தேய்ந்து, கினிகத்தேனை, கொத்மலை என்று பஸ் நிற்கும் ஊர்ப் பேர்களாக மாறின. கேட்டவர்கள் எவரும் வித்தியாசம் கண்டுபிடிக்கவில்லை.

சோலைமலை மாசத்துக்கு ஒருமுறை பஸ்ஸில் வருவான். லயத்து ஆட்கள் உள்ளே வரக்கூடாது என்று பலகை இருந்ததால், விறாந்தைச் சன்னலுக்கு வெளியே நிற்பான். எட்டு பாருக்குள் பேச வேண்டும்.

"புள்ள, நம்ம ஆடு குட்டி போட்டிருச்சு."

ஒரு சுற்றுப் பாடி முடித்துவிட்டு அவள் கேட்பாள்: "எத்தனைங்க?"

"ரெண்டு."

அடுத்த சுற்றில், "என்னா நெறம்?"

அதற்குள் அவனுடைய கடைசி பஸ் ஹாரன் அடித்திருக்கும். குட்டிகளின் நிறம் அடுத்த மாதம்தான் தெரியும், அதற்குள் ஒன்று செத்திருக்கும். ஒரு தடவை கோபத்தில், "நான் வேற ஒருத்தியக் கட்டிக்கப் போறேன்" என்றான். அது பாட்டில் குதூகலமான இடம். அம்மாக்கண்ணு சிரித்த முகத்தோடு அதை முழுக்கப் பாடிவிட்டு வந்து சொன்னாள்: "கட்டிக்கங்க. அவளுக்குப் பாட வராதான்னு மட்டும் நல்லா விசாரிச்சுக்கங்க." அவன் கட்டவில்லை.

அறுபத்து நாலில் இலங்கை, இந்தியா இரண்டு நாட்டுத் தலைவர்களும் உட்கார்ந்து, தோட்டத்து ஜனங்களில் இத்தனை பேர் உனக்கு, இத்தனை பேர் எனக்கு என்று பங்கு பிரித்தார்கள். கொத்மலைத் தோட்டத்திலும் பேர் எழுத ஆரம்பித்தார்கள். சோலைமலை சன்னலில் வந்து நின்றபோது அவன் முகம் சாம்பலாக இருந்தது. "அங்க ஓம் பேரு பதிவுல இல்ல புள்ள. நான் தனி ஆளுன்னு எழுதிட்டா, கப்பல்ல என்னைய மட்டும் ஏத்திருவாங்க." அம்மாக்கண்ணு பதில் சொல்வதற்குள் எட்டு பாரும் தீர்ந்துவிட்டது. அன்று அவள் பாடிய சுற்றில் மூக்கன் ஒரு தட்டை விட்டான், முதல் தடவையாக.

பியானோவுக்குச் சுருதி கூட்டக் கொழும்பிலிருந்து ஒரு பறங்கிக்காரர் வந்தது அந்த வருசக் கடைசியில்தான். வாசித்துக்கொண்டிருக்கும் பியானோவுக்குச் சுருதி கூட்டும் சிரமத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. தாளை மட்டும் புரட்டிப் பார்த்துவிட்டு, இதில் முடிவைக் காணோமே என்றார். டி.சி. என்றால் இத்தாலிக்காரர் பேச்சில் தலையிலிருந்து மறுபடி என்று அர்த்தமாம். மறுபடி போய், ஃபீனே என்று எழுதிய இடத்தில் நிற்க வேண்டுமாம். அதை இங்கிலீசில் வாசித்தால் ஃபைன் மாதிரியே இருக்குமாம். பழனியாண்டி அப்படியே தரையில் உட்கார்ந்தார். அவர் தலை நரைத்திருந்தது, சட்டைப் பையில் பேனா இரண்டும் அப்படியே இருந்தன.

எந்த வரியில் அழித்தார் என்பது அவருக்கே நினைவில்லை. குத்துமதிப்பாக ஏழெட்டு இடத்தில் எழுதிப் பார்த்தார். பேண்டு ஒவ்வொன்றையும் தாண்டிப் போனது.

"தொரை கையெழுத்து இல்லாம எந்தத் தாளு செல்லும் கிளாக்கரய்யா?" என்றான் மூக்கன், தட்டிக்கொண்டே. "நீங்க எழுதினா நாங்க நிக்கணுமோ?"

பழனியாண்டி கையெழுத்துக்குத் துரையிடம் போனார். துரை இப்போது கொழும்புச் சீமான், தரையில் மெழுகு பளபளக்க வேண்டும் அவருக்கு. நிற்காமல் பாடும் பெண்ணைப் பார்க்கத் தலவாக்கலையிலிருந்தெல்லாம் கார் வருகிறது, கமிட்டி கூடித்தான் முடிவு செய்யும் என்று அனுப்பிவிட்டார். கமிட்டி கூடி, டீ குடித்துக் கலைந்தது.

துரை கையெழுத்து இல்லாமல் தாள் செல்லாது என்ற மூக்கனின் பேச்சு அம்மாக்கண்ணுவுக்குள் கிடந்து ஊறியது. ஜூன் மாதம் சோலைமலை வந்தபோது மூன்று ஓய்வுகளில் மூன்று பேச்சுச் சொன்னாள். "ஞாயித்துக்கெழம வாங்க." "மழையில நடந்து வாங்க." "உள்ள வாங்க."

அந்த ஞாயிறு மாலை கிளப்பில் தேநீர் டான்ஸ். தேயிலை மலைச் செம்மண்ணை முழங்கால் வரை அப்பிக்கொண்டு சோலைமலை பலகையைத் தாண்டி உள்ளே வந்தான். மெழுகுத் தரையில் அடி அடியாகச் சுவடு விழுந்தது. ஓய்வு வந்ததும் அம்மாக்கண்ணு மேடையிலிருந்து கையை நீட்டி, "ஆடுங்க" என்றாள். அவனுக்குத் தெரிந்தது காமன் கூத்து அடவு ஒன்றுதான். அதைப் போட்டான். சேறு துரைசானியின் கவுனில் தெறித்தது.

"யாரு இந்த ஆளு? யாரு உள்ள விட்டது?" என்று துரை பாய்ந்து வந்தார்.

"நான்தாங்க கூப்பிட்டேன்." அடுத்த சுற்றில் கிடைத்த எட்டு பாரில் அவள் நிதானமாகச் சொன்னாள். "எங்க லயத்துத் தரையில சேத்துக் காலோடதான் நடக்குறோம், இதுக்கும் அந்த மருவாதிதான். என்னா செஞ்சிருவீங்க? ஃபைன்தான போடுவீங்க?"

"போடத்தான் போறேன்!" துரை பேனாவை உருவினார். எழுத ஒரு காகிதம் தேடினார். பழனியாண்டி நீட்டியது அவள் பாட்டுத் தாளை. அவள் பாடவிருந்த வரியின் மேலேயே துரை ஃபைன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். எவ்வளவு என்று எழுதப் போன சமயத்தில் பேண்டு அந்த வரிக்கு வந்தது.

நின்றது.

மூக்கனின் குச்சி பாதியில் நின்றது. மேலே ஆலைக்கு வெளியே நாய்கள் குரைக்க ஆரம்பித்தன, பிறந்ததிலிருந்து அவை கேட்காத அமைதி அது. துரை எதை எழுத வந்தோம் என்பதை மறந்து பேனாவைப் பார்த்துக்கொண்டு நின்றார். அம்மாக்கண்ணு தாளை மடித்து மாராப்பில் செருகிக்கொண்டு, படிகளை ஒவ்வொன்றாகக் காலால் தடவிப் பார்த்து இறங்கினாள். "போயிட்டு வர்றேன் நானா" என்று லாபிரிடம் சொன்னாள். அவர் வாயிலிருந்த ஊதுகுழலை எடுத்தார். உதடுகள் மட்டும் அதே வட்டத்தில் நின்றன.

கொத்மலைத் தோட்டத்தில் பெரிய கிளாக்கர் பதிவுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக் கேட்டார்: "டி.சி. எங்கம்மா?"

அம்மாக்கண்ணு விரலால் தொடையில் தாளம் எண்ணினாள். சரியாக எட்டு பார் கழித்து அவள் சொன்னாள்: "டி.சி. வேண்டாங்க. ஃபைன் இருக்கு."

கிளாக்கர் தாளை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்தார். கோடுகளும் புள்ளிகளுமாக இருந்ததைப் பற்றி அவருக்கு அபிப்பிராயம் ஏதுமில்லை. துரை கையெழுத்து இருந்தது. சோலைமலையின் பேருக்குக் கீழே அவள் பேரை எழுதினார். இனி எந்த நாட்டுக்குத் தள்ளினாலும் இரண்டு பேராகத்தான் தள்ள வேண்டும்.

மறுநாள் விடியும் முன் பிரட்டுக்குத் தப்பு அடித்தது. லயமே எழுந்து கூடையைத் தேடியது. அம்மாக்கண்ணு கண்ணைத் திறந்தபடி எட்டு பார் படுத்திருந்துவிட்டு எழுந்து, எல்லோருக்கும் கடைசியாக வரிசையில் போய் நின்றாள். கங்காணி அவளைப் பார்த்தார். அவளுக்கு அப்படித்தான் என்று யாரோ சொன்னார்கள். சரி என்று பேரைக் குறித்துக்கொண்டார்.