தங்க மூடி டப்பா

ஆனசேனி அண்ணி ஆக்லாந்தில் தும்மினால் டோங்காவில் எங்கள் வீடே மூக்கைத் துடைத்துக்கொள்ளும். என் புருஷனுக்கும் அவர் தம்பி மொசேசேவுக்கும் மூத்த அக்கா அவள். எங்கள் ஜனத்தில் அப்பாவின் அக்கா சொன்னதுதான் பிள்ளைக்குச் சட்டம். பெற்றவள் அப்புறம்தான். மொசேசேயின் பிள்ளைக்குப் பெனி என்று பெயர் வைத்ததும் அவளே. அவன் மனைவி சியூ பத்து மாதம் சுமந்ததோடு சரி.

காய்ச்சலில் சியூவுக்குப் பால் வற்றியதும், அண்ணி கப்பலில் ஒரு டிரம் நிறையச் சாமான் அனுப்பினாள். சோப்பு, டின் இறைச்சி, நடுவே தங்க நிற மூடி போட்ட பால் பவுடர் டப்பாக்கள். பெனிக்கு அது ஆகவில்லை. குடித்த அரை மணி நேரத்தில் கக்குவான். காலை வயிற்றோடு மடக்கிக்கொண்டு வீறிடுவான். ஒருநாள் மலத்தில் ரத்தம் தெரிந்தது. சியூ பயந்துபோய் அண்ணிக்குப் போன் போட்டாள்.

“என் டப்பாவுல ஒரு கோளாறும் இல்லடி. உன் கைதான் சரியில்ல. புட்டியக் கழுவித்தான் குடுக்குறியா, இல்ல பன்னித்தொட்டியில முக்கி எடுக்குறியா?”

பக்கத்தில் இருந்த நான் சத்தமாகச் சிரித்தேன். அவள் பேச்சுக்குச் சிரிக்காமல் இருக்க எனக்குக் கட்டுப்படியாகாது. என் மகள் லாவினியாவை ஆக்லாந்துக்கு அழைத்துப் படிக்கவைப்பதாக அவள் வாக்குக் கொடுத்திருந்தாள்.

நானும் சியூவும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனபோது, ஆஸ்பத்திரி நர்ஸ் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். “இவனுக்கு மாட்டுப்பாலே ஆகாது. சோயா பவுடருக்கு மாத்திடுங்க. பழசத் திரும்பக் குடுத்துறாதீங்க, இன்னும் மோசமாப் போயிரும்.”

சியூ கடையிலேயே சோயா டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு அழுதாள். “அண்ணி வீடியோவுல டப்பாவக் காட்டச் சொல்வாங்களே அக்கா.”

யோசனை சொன்னது நான்தான். தங்க மூடி டப்பாவைக் காலி செய்து அதில் சோயாவைக் கொட்டினோம். உள்ளே கிடந்த கரண்டியையும் மறக்காமல் மாற்றினோம். பழைய பவுடரைக் கழுநீரில் கரைத்துப் பன்றிக்கு ஊற்றினோம். மூன்று மாதத்தில் பெனியும் கொழுத்தான், பன்றியும் கொழுத்தது.

ஞானஸ்நானத்துக்கு அண்ணி வந்து இறங்கினாள். விருந்தில் எல்லோருக்கும் மேலாகப் பாய்களை அடுக்கி அவளை உட்கார வைத்தோம். சுட்ட பன்றியின் முதல் துண்டு அவளுக்கு. மென்றுகொண்டே பெனியின் தொடையைக் கிள்ளினாள். “பாத்தீங்களா சதைய? எல்லாம் என் டப்பா!”

ஊரே தலையாட்டியது. நான் அந்தப் பன்றியைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.

“இனிமே இவன் எங்கிட்டதான் வளருவான். நாளைக்கே கூட்டிட்டுப் போறேன்” என்றாள் அண்ணி. பாஸ்போர்ட் வரை தயாராக இருந்தது. மொசேசே கையெழுத்துப் போட்டது சியூவுக்கே தெரியாது. அவன் குனிந்து தன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அண்ணி பையிலிருந்து புது டப்பா ஒன்றை எடுத்துப் பால் கலக்கினாள். சியூ ஓடிவந்து மண்டியிட்டாள்.

“அண்ணி, பிள்ளையக் கூட்டிட்டுப் போங்க, நான் தடுக்கல. அந்தப் பால் மட்டும் வேணாம். அவனுக்கு ஆகாதுன்னு நர்ஸே சொன்னாங்க, அக்காவும் கூட இருந்தாங்க. மூணு மாசமா உங்க டப்பாவுல வச்சுக் குடுத்தது சோயா.”

பாட்டும் விருந்தும் அப்படியே நின்றன. அண்ணியின் முகம் கறுத்துவிட்டது. அத்தனை பேர் முன்னால் அவளுக்கு இப்படி யாரும் சொன்னதில்லை.

“என் டப்பாவுல கண்டதையும் கொட்டி என் தம்பி பிள்ளைக்குக் குடுத்தியா?” என்று கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள். “நீதானே கூட இருந்த? நர்ஸ் அப்படிச் சொன்னாளா?”

“சொல்லுங்கக்கா” என்றாள் சியூ. “ஒரு வார்த்தை சொல்லுங்க.”

லாவினியா தட்டேந்திப் பரிமாறிக்கொண்டிருந்தாள். நான் அவளைப் பார்த்தேன்.

“எனக்கு எதுவும் தெரியாது அண்ணி. இவ என்ன செஞ்சாளோ.”

சியூ அழக்கூட இல்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணி புட்டியை வாயில் வைத்ததும் பெனி பசியில் ஒரு சொட்டு விடாமல் குடித்தான். அண்ணி காலிப் புட்டியைத் தூக்கிக் காட்டினாள், ஜனம் கைதட்டியது. பாட்டு மறுபடி தொடங்கியது.

மூன்றாவது பாட்டு முடிவதற்குள் அவன் கக்கிவிட்டான். பாயெல்லாம், அண்ணியின் பட்டு மேல்சட்டையெல்லாம். காலை மடக்கிக்கொண்டு வீறிட்டான். அண்ணி அவனை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஊருக்கெல்லாம் காட்டினாள்.

“பாருங்க! இவ குடுத்த விஷம் இப்பத்தான் வெளிய வருது! நல்லவேளை, நான் வந்தேன்!”

எல்லோரும் ஆமாம் என்றார்கள். நானும் சொன்னேன்.

மறுநாள் விமான நிலையத்தில் சியூ ஒரு சோயா டப்பாவை நீட்டினாள். அண்ணி அதை வாங்கிக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு உள்ளே போனாள்.

பிப்ரவரியில் லாவினியா ஆக்லாந்துக்குப் போனாள். ஞாயிறுதோறும் போன் செய்கிறாள். மணி அடித்ததும் சியூ வந்து வாசலில் நிற்பாள், உள்ளே வரமாட்டாள். நான் மகளிடம் சாப்பாடு, பள்ளிக்கூடம், குளிர் எல்லாம் கேட்பேன். பெனியைப் பற்றிக் கேட்பதில்லை. அண்ணி பக்கத்திலேயே இருப்பாள்.