பி வரிசைக்கு முருங்கைக்கீரை

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அடையாறில் நான் ஆராய்ச்சி செய்த லேபில் நாற்காலி மேஜைக்குக்கூடத் தெரியும். ஆனால் 1997 நவம்பரில் அந்த எக்ஸ்ரே படங்களைப் பார்த்தபோது கோபம் வரவில்லை. பயம்தான் வந்தது.

நாலு வருஷமாக நான் காய்ச்சிக்கொண்டிருந்தது ஒரு ஜெல். தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு, ஆறிப்போன ஜவ்வரிசிக் கூழ் மாதிரி கொழகொழவென்று இருக்கும். எலும்பில் ஒரு துண்டு போய்விட்டால் அந்த இடைவெளியில் இதை வைத்துத் தைத்துவிடலாம். பக்கத்து எலும்பின் செல்கள் இதைப் பிடித்துக்கொண்டு ஏறிவந்து புது எலும்பு கட்டும், ஜெல் மெல்லக் கரைந்துவிடும். இதுதான் என் நம்பிக்கை, என் தீசிஸும் இதுதான். செய்தது மாட்டுத் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கும் ஜெலட்டினில். ஜெலட்டின் எதிலிருந்து வருகிறது என்று மயிலாப்பூரில் அம்மா கேட்கவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை. லேபில் சோதனை முயலைத் தொட்டுவிட்டு வருவதற்கே, "ஸஹானா, கொல்லைப்பக்கமா வந்து குளிச்சுண்டு உள்ள வாடி" என்பாள்.

பன்னிரண்டு முயல்கள். முன்னங்காலில் இருக்கும் இரண்டு எலும்புகளில் ஒன்றிலிருந்து, மயக்கம் கொடுத்து, ஒன்றரை சென்டிமீட்டர் வெட்டி எடுத்தோம். மற்ற எலும்பு தாங்கிக்கொள்ளும் என்பதால் முயல் நடமாடும். ஏ வரிசைக் கூண்டுகளில் இருந்த ஆறுக்கும் ஜெல் வைத்தேன். பி வரிசையில் இருந்த ஆறுக்கும் எதுவும் வைக்காமல் வெறுமே தைத்துவிட்டேன். பி சேராமல் இருந்தால்தான், ஏ சேர்ந்தது ஜெல்லால் என்று அடித்துச் சொல்ல முடியும்.

எட்டு வாரம் கழித்து எடுத்த படத்தில் ஏ சேர்ந்திருந்தது. பியும் ஏறக்குறைய அதே அளவு சேர்ந்திருந்தது. ஜெல் வைத்தாலும் ஒன்றுதான், வைக்காவிட்டாலும் ஒன்றுதான். மார்ச்சில் ஃபெலோஷிப் முடிகிறது. நாலு வருஷம் கோவிந்தா!

படங்களோடு முயல்கள் இருந்த ஷெட்டுக்குப் போனேன். முயல்களைப் பார்த்துக்கொள்ளும் அட்டெண்டர் ஹபீபுர் ரஹ்மான் பி வரிசை முன்னால் குந்தியிருந்தார். கையில் ஒரு கொத்து முருங்கைக்கீரை. ஒவ்வொரு கூண்டாக நீட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன பாய் இது?"

"கீரை, டாக்டரம்மா." பட்டமே வாங்காத என்னை முதல் நாளிலிருந்து அப்படித்தான் கூப்பிடுவார். "பின்னாடி மரம் கீதுல்ல, அதுல ஒடிச்சேன்."

"தினமுமா குடுக்கறீங்க?"

"ஆபரேசன் ஆன நாள்லேர்ந்து."

"ஏ வரிசைக்கு?"

"அதுங்களுக்கு எதுக்கு? அதுங்களுக்குத்தான் நீ மருந்து வெச்சிட்டியே. இதுங்களையும் அறுத்துட்டு ஒண்ணுமே வெக்காம தெச்சிட்ட. பாவம், இதுங்களுக்கு யாரு கீறாங்க? எலும்புக்கு முருங்கைக்கீரைதான் நல்லதுன்னு எங்க வூட்ல சொல்லுவாங்க."

அப்போது வந்தது கோபம். "என் வாழ்க்கையில மண்ணை அள்ளிப் போட்டுட்டீங்களே பாய்!" என்று கத்தினேன். முயல்கள் கூண்டு மூலையில் ஒடுங்கின.

பாய் எழுந்து நின்றார். "இன்னாம்மா ஆச்சு? எலும்பு சேரலியா?"

"சேர்ந்துடுச்சு! அதுதான் பிரச்சினை!"

அவர் ஒன்றும் புரியாமல் என் முகத்தையே பார்த்தார். எப்படிப் புரியும்? இரண்டு வருஷமாக அவரிடம், தீனி போட்டாச்சா, கூண்டு கழுவியாச்சா என்பதைத் தவிர நான் எதுவும் பேசியதில்லை. பி வரிசை எதற்காக இருக்கிறது என்று ஒரு நாளாவது சொல்லியிருக்கிறேனா?

என் கைடு வேதாந்தம் சார் படங்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ரெண்டு வரிசைக்கும் ஒரே தீனிதானே?" என்று கேட்டார்.

பாய் பெயரைச் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. "இல்லை சார். பிக்கு மட்டும் கீரை போயிருக்கு. நான் சரியா சொல்லி வைக்கலை, தப்பு என்னுது," என்றேன்.

கீரைதான் காரணம் என்று சத்தியம் செய்ய மாட்டேன். முயல்கள் இளசாக இருந்தது காரணமாக இருக்கலாம், வேறு எதுவாகவும் இருக்கலாம். அதுதான் தொல்லை, எதையுமே சொல்ல முடியாது. "முதல்லேருந்து பண்ணும்மா. ஜூன் வரைக்கும் லேப் தரேன், அதுக்கு மேல என் கையில இல்லை," என்றார் சார்.

ஜனவரியில் வளர்ந்த முயல்களாகப் பார்த்துப் பன்னிரண்டு வந்தன. இந்த முறை பாயை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். கூண்டுக் கம்பியில் விரலை விட்டு ஒரு முயலின் நெற்றியைத் தடவிக்கொண்டே கேட்டார்.

"அப்போ இந்த ஆறுக்கும் சேராம போனாத்தான் உனக்குப் பட்டம்?"

"ஆமாம் பாய்."

"சர்தான்," என்றார்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். நான்தான் வெட்கமில்லாமல் தினம் காலையில் கூண்டுத் தரையில் இலை கிடக்கிறதா என்று போலீஸ்காரி மாதிரி குனிந்து பார்த்தேன். ஒரு இலை கிடையாது. ஆனால் பி வரிசை முன்னால் அவர் குந்துவதை விட்டுவிட்டார். தீனியை வைத்துவிட்டு விறுவிறுவென்று போய்விடுவார்.

மார்ச் கடைசியில் படங்கள் வந்தன. ஏ வரிசை வெள்ளை வெளேரென்று சேர்ந்திருந்தது. பி வரிசையில் நான் வெட்டிய இடைவெளி ஆறிலும் கறுப்பாக அப்படியே இருந்தது. கையைத் தட்டிக்கொண்டு ஷெட்டுக்கு ஓடினேன்.

"சேரலை பாய்! ஆறும் சேரலை!"

பாய் படங்களை வாங்கி, ஜன்னல் பக்கம் தூக்கி, ஒவ்வொன்றாகப் பார்த்தார். மூன்றாவதில் நிறுத்தினார். "இது காது மடங்கினதுதானே?"

பார்த்தேன். அதேதான். எனக்கு அது பி-3.

"பாஸாயிட்ட டாக்டரம்மா. ரொம்ப சந்தோசம்," என்றார். சந்தோஷமாகத்தான் சொன்னார். படங்களை உறைக்குள் போட்டு என்னிடம் நீட்டினார். "ஒண்ணு கேக்கட்டா? அந்த மருந்து மீதி கீதா?"

தட்டிய கை அப்படியே கூசிப்போனது. தீசிஸுக்கு வேண்டியதெல்லாம் எடுத்தாகிவிட்டது. ஃப்ரிட்ஜில் ஒரு டப்பா நிறைய ஜெல் இருந்தது.

"இருக்கு பாய். ஆனா மறுபடி அறுக்கணுமே."

"அறு. போன வாட்டி உனக்காக அறுத்த, இந்த வாட்டி அதுங்களுக்காக அறு."

மயக்கம் கொடுக்கும் வெட்டினரி டாக்டருக்கு அங்கிருந்தே போன் போட்டேன். நாளைக் காலை வருவதாகச் சொன்னார். பாய் முதலில் காது மடங்கினதைத் தனிக் கூண்டுக்கு மாற்றிவிட்டு, கீரை ஒடிக்கப் பின்பக்கம் போனார்.