பல்பு எரிந்த இடம்

மோட்டார் சைக்கிளை விற்கப்போவதைக் கணவன் அவளிடம் சொல்லவில்லை; அவள் காதில் விழும்படி போனில் யாரிடமோ சொன்னான். "சாயங்காலம் வாங்க. ஓட்டிப் பார்த்துட்டே எடுத்துக்கலாம்."

வண்டியோ மழைக்காலத்திலிருந்தே கிளம்பவில்லை. எத்தனை உதை உதைத்தாலும் பிளக்கில் பொறி இல்லை.

"எங்கப்பா எனக்குக் கொடுத்தது. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றாள்.

"இடத்தை அடைச்சுக்கிட்டு நிக்குது. நீயா ஓட்டப்போற? வா, இதைப் பிடி."

இரண்டு வயர் தொங்கும் சின்ன பல்பு. ஒரு முனையை எஞ்சினிலும் மறுமுனையைப் பிளக்குக்குப் பொறி கொடுக்கும் காயிலுக்கு வரும் வயரிலும் வைக்க வேண்டும். கரண்ட் வந்தால் எரியும். அவளை ஒரு பக்கம் உட்கார வைத்துவிட்டு, அவன் முன்னால் போய்ச் சாவியைத் திருப்பி, வயர்க் கற்றையை அங்கங்கே அழுத்திக்கொண்டே வந்தான்.

"எரியுதா?"

"இல்லை."

"இப்போ?"

ஹேண்டில் திரும்பும் கழுத்தருகே அவன் விரல் பட்டதும் பல்பு பளிச்சென்றது. சட்டென்று உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டாள்.

"எரியல."

வாய் முந்திக்கொண்டது. ஓடாத வண்டியை எவன் வாங்குவான்? வந்தவர் வெறுங்கையோடு திரும்புவார், வண்டி வாசலிலேயே நிற்கும். அதுதான் அவள் போட்ட கணக்கு.

அவன் ஸ்விட்சைப் பிரித்தான், ஃப்யூஸை மாற்றினான். எரிச்சல் ஏற ஏற, டேப்பைக் கிழித்து வயர்களை வெட்டி வெளியே இழுத்துப் போட்டான். குடல் சரிந்த மாதிரி கிடந்தது வண்டி.

சாயங்காலம் வந்தவர் தங்கமான மனிதர். டேங்க்கைத் தடவிப் பார்த்தார். "ஓடுற நிலைமையில இருந்தா கண்ணு மாதிரி வச்சிருப்பேன். வயரிங்கே போச்சுன்னா எனக்குக் கட்டுப்படியாகாதுங்க."

அவர் தெருமுனையைத் தாண்டுவதற்குள் கணவன் பழைய இரும்புக்காரரைக் கூப்பிட்டுவிட்டான். அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"என்னங்க, வாங்க வந்த மனுஷனை நிறுத்துங்க. கழுத்துகிட்ட நீங்க அழுத்தினப்போ எரிஞ்சுது. நான்தான் பொய் சொல்லிட்டேன்."

அவன் அறைந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். சிரித்தான்.

"வண்டி போகுதுன்னதும் கதை கட்டுறியா? எரிஞ்சிருந்தா எனக்குத் தெரியாதா?"

"சத்தியமா எரிஞ்சுதுங்க."

"போய் வேலையைப் பாரு."

அவளே வண்டியண்டை போய்க் கழுத்துக்கடியில் கைவிட்டுத் துழாவினாள். அங்கே அழுத்திக் காட்ட ஒரு வயர்கூட மிச்சமில்லை.

இரும்புக்காரரின் தள்ளுவண்டியில் ஹேண்டில் அடங்கவில்லை. அவர் சுத்தியலை எடுத்தார். முதல் அடி ஹெட்லைட்டில் விழுந்து கண்ணாடி சிதறியது. "வீட்டுக்குள்ள தெறிக்கப் போகுதுப்பா, தள்ளி வச்சு உடை" என்று மட்டும் சொன்னான் கணவன்.

வண்டி போனபிறகு மசி படிந்த இரண்டு கைகளையும் அவள் முன்னால் நீட்டினான்.

"தண்ணி ஊத்து."

ஊற்றினாள்.