சொன்னதைச் சொல்லச் சொன்னவள்

பேராச்சி வாயைத் திறந்தால் ஐந்தருவியும் ஒரு நிமிஷம் நின்று கேட்டுவிட்டுத்தான் விழும். மிகை என்று நினைப்பவர்கள் அறுபத்திரண்டாம் வருஷத்துச் சீசனுக்குக் குற்றாலம் வராதவர்கள்.

அருவிக்குப் போகும் சாலையில் அவளுக்கு ஒரு இட்லிக் கடை. நாலு கம்பு, ஓலைக் கூரை, ஒரு பெஞ்சு. பக்கத்திலேயே தில்லைநாயகத்தின் மாடி லாட்ஜ். லாட்ஜின் அழகுக்கு அந்த நாலு கம்பும் கண்ணில் விழுந்த தூசி.

முந்தின சீசனில் அவர் பெஞ்சைத் தூக்கி ஓடையில் எறிந்தார். அவள் இட்லி மாவைச் சட்டியோடு அவர் தலையில் கவிழ்த்தாள். வீடு போய்ச் சேர்வதற்குள் மண்டைச் சூட்டிலேயே மாவு பாதி வெந்துவிட்டது என்று ஊரில் பேச்சு. சட்டி இரும்புச் சட்டி. மண்டையில் தையல் விழுந்தது, பின்னாலேயே வழக்கும் விழுந்தது. தென்காசி மாஜிஸ்திரேட் குற்றம் உண்மை என்றார். ஆனால் ஜெயிலுக்கு அனுப்பவில்லை. ஒரு வருஷம் சண்டை சச்சரவு இல்லாமல் இருப்பதாக நன்னடத்தைப் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு விட்டுவிட்டார். மீறினால் திரும்பக் கூப்பிட்டு, பழைய குற்றத்துக்கே தண்டனை.

அந்த வருஷத்தை அவள் எப்படித் தள்ளினாள் என்பது குற்றாலநாதருக்கே வெளிச்சம். குரங்கு வந்து இட்லியைத் தூக்கிப் போனால்கூட, “மெல்லத் தின்னுங்க அண்ணாச்சி” என்பாள்.

பத்திரம் முடியப்போகிற சமயத்தில் சாரலோடு சம்மனும் வந்தது. பேராச்சி நடுரோட்டில் தன்னைத் தகாத வார்த்தை பேசினாள் என்று தில்லைநாயகம், பத்திரக்காரர்களைக் கண்காணிக்கிற நன்னடத்தை ஆபீசரிடம் சொல்லியிருந்தார். ஆபீசர் கெட்டவர் அல்ல. லாட்ஜ் காப்பியைக் குடித்தபடி காதில் விழுந்ததை அப்படியே அறிக்கையாக எழுதிவிட்டார். இந்தப் பக்கம் வந்து அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அவள் பேசியது நிஜம்தான். மறுபடி பெஞ்சில் கை வைக்க வந்தவரிடம், கையிலிருந்த சட்டியைப் பத்திரமாகக் கீழே வைத்துவிட்டு, ஒரே ஒரு விஷயம் சொன்னாள். லாட்ஜில் விருந்தாளிகளுக்கு மூலிகை எண்ணெய் தேய்ப்பார்கள். அவர்கள் உட்காரும் பலகைக்கு அடியில் ஒரு தகரத் தட்டு. ஒருத்தர் உடம்பில் வழிந்தது தட்டில் சேரும். வடிகட்டினால் அடுத்தவர் தலைக்கு. ஆனியில் ஊற்றிய எண்ணெய் ஆவணி வரைக்கும் ஆள் மாற்றி ஆள் ஏறி இறங்கும். அதைத்தான் சொன்னாள்.

பேராச்சியின் வக்கீல் முகம்மது மீரானுக்குத் தொழில் புதுசு. கறுப்புக் கோட்டு அவரைவிட ரெண்டு பிடி பெரிசு. தப்புதான் என்று கும்பிட்டுவிட்டால் எச்சரித்து விட்டாலும் விடுவார்கள் என்று முதலில் அவரே சொன்னார். பேராச்சி கணக்குப் போட்டுப் பார்த்தாள். பாளையங்கோட்டை ஜெயிலுக்குப் போய்த் திரும்புவதற்குள், கடை இருந்த இடத்தில் லாட்ஜ் கேட் நிற்கும்.

“நான் என்ன பேசினேன்னு அதுல எழுதியிருக்கா, தம்பி?”

“இல்லக்கா. தகாத வார்த்தைன்னு மட்டும்தான் இருக்கு.”

“அப்ப நான் எதுக்குன்னு கும்பிடுதது?”

மீரானுக்குக் கோட்டு அந்த நிமிஷமே அளவாகிவிட்டது. அவள் தரப்பைக் கேட்காமல் தண்டனை கொடுக்கச் சட்டத்தில் இடமில்லை என்று கோர்ட்டில் எழுந்து நின்றார். புகார் சொன்ன ஆளைக் கூண்டில் ஏற்ற வேண்டும் என்றார். அறிக்கை ரகசியம் என்று ஆபீசர் முனகினார்.

“ரகசியம் யாருக்கு? ஜெயிலுக்குப் போகப்போறது இந்தம்மா,” என்று சொல்லி மாஜிஸ்திரேட் தேதி போட்டார்.

அந்தத் தேதியில் அருவிக்கு வந்த வெள்ளம் பாறைகளையே உருட்டி விளையாடியது. யாரும் குளிக்கக்கூடாது என்று போலீஸ் கயிறு கட்டிவிட்டது. வேலையற்றுப் போன சீசன் கூட்டம், தோளில் துண்டோடு பஸ் ஏறித் தென்காசிக் கோர்ட்டுக்கு வேடிக்கை பார்க்க வந்துவிட்டது. முன் பெஞ்சில் லாட்ஜின் முதல் ரூம்காரர், மதுரை ஜவுளிக்கடை முதலாளி. காலையில் தேய்த்த எண்ணெயில் அவர் தலை மின்னிய மின்னலில் மாஜிஸ்திரேட் ஃபைலை மறைத்துப் பிடித்துத்தான் படிக்க வேண்டியிருந்தது. பின் வரிசையில், அன்றைக்கு ரோட்டில் நின்று எல்லாவற்றையும் கேட்ட உள்ளூர்க் கடைக்காரர்கள், கையைக் கட்டிக்கொண்டு.

தில்லைநாயகம் சத்தியம் செய்து கூண்டில் ஏறினார். என்ன வார்த்தை என்று மீரான் கேட்டார். கெட்ட வார்த்தை என்றார். அதுதான் எது என்றார் மீரான். சபையில் சொல்லக்கூடியதல்ல என்றார். கோர்ட்டில் சொல்லலாம், சொல்லும் என்றார் மாஜிஸ்திரேட்.

தில்லைநாயகம் முன் பெஞ்சைப் பார்த்தார், தலை மின்னியது. வேறு ஏதாவது இட்டுக்கட்டலாமா என்று பின் வரிசையைப் பார்த்தார். அத்தனை கண்ணும் அவர் வாயைப் பார்த்தன. குற்றாலத்துச் சாரல் முழுக்க அவர் நெற்றியில் இறங்கிற்று.

மாஜிஸ்திரேட்டைக் கும்பிட்டு அனுமதி வாங்கிக்கொண்டு பேராச்சி கேட்டாள்:

“நான் சொன்னதை அப்படியே சொல்லுங்க அண்ணாச்சி. நீங்க சொல்லி முடிச்சா, போலீஸ் வண்டிகூட வேண்டாம். பாளையங்கோட்டைக்கு நடந்தே போறேன்.”

தில்லைநாயகம் துண்டால் நெற்றியைத் துடைத்தார்.

“அவ... ஒண்ணும் சொல்லல, ஐயா,” என்றார் தில்லைநாயகம். “அருவி இரைச்சல். எனக்குச் சரியாக் காதுல விழல.”

விழாத வார்த்தைக்கு வழக்கு இல்லை. மாஜிஸ்திரேட் அறிக்கையைத் தள்ளுபடி செய்தார். ஆபீசரிடம், இனிமேல் காப்பியை ரெண்டு பக்கமும் குடித்துவிட்டு எழுதும் என்றார். பத்திரம் முடியும்வரை சண்டை மட்டும் கூடாது என்று பேராச்சிக்கு நினைவூட்டினார்.

“சண்டை போடல எசமான். யாராவது கேட்டா, மெதுவாப் பேசலாமா?”

“பேசக்கூடாதுன்னு பத்திரத்துல இல்லை,” என்றவர் ஃபைலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். ஃபைல் குலுங்கியது.

மறுநாள் விடியலில் முதல் ஆளாகப் பெஞ்சில் வந்து உட்கார்ந்தவர் மதுரை முதலாளி. அப்படி என்னதான் சொன்னீர்கள் என்று கேட்டார். லாட்ஜ் மாடியில் தில்லைநாயகம் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பேராச்சி இலையில் ரெண்டு இட்லி வைத்தாள், சட்னி ஊற்றினாள், பச்சைப் பிள்ளையைத் தூங்கவைக்கிற குரலில் ஆரம்பித்தாள்:

“மொதல்ல சாப்பிடுங்க அண்ணாச்சி. பெறவு உங்க தலையில இருக்கது நேத்து யாரு தலையில இருந்துச்சுன்னு சொல்லுதேன்.”